முதலில் வாய்க்காலைத் தூர் வாருங்கள்

டெல்டாவின் கடைமடையில் உள்ள எங்கள் அலையாத்திக் காட்டையும், அங்கே வரப்போகும் சூழல் சுற்றுலாவையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் படகுத்துறையில் ஓர் அறிவிப்பு ஒட்டினீர்கள். சுற்றுலாப் படகு விடும் உரிமையை ஒரே ஒப்பந்தமாக ஏலம் விடப்போவதாகவும், படகு போகும் இரண்டு பெரிய வாய்க்கால்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை ஊர்க்காரர்கள் வலை போடவோ படகு கட்டவோ கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. நண்டுப் பறியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் இரண்டு தடவை படித்தேன். தூர்வாருவதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. வனத்துறையோடு சேர்ந்து காட்டைக் கவனிக்க ஊரில் அமைத்த கிராம வனக்குழு என்ற சொல்லே இல்லை.

அந்த இரண்டு வாய்க்கால்களையும் ஆறோ கடலோ உண்டாக்கவில்லை. நாங்கள் வெட்டினோம். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எனக்கு 54 வயது. இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபோது, இப்போது நீங்கள் படகு விட நினைக்கும் இடம் பொட்டலாகக் கிடந்தது. உப்பு நிலத்தில் முளைக்கிற உமரிச் செடி கூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். என் மாமியார் அதைக் கூப்புக் காடு என்பார். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒவ்வொரு கூப்பையும் மொட்டையாக வெட்டி விறகுக்கு விட்டார்களாம். வெட்டிய இடம் தானாகத் தழைத்துவிடும் என்பது அன்றைய அதிகாரிகளின் கணக்கு. தழைக்கவில்லை. மரம் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் இறுகித் தாழ்ந்து, நடுவில் தாம்பாளம் மாதிரி பள்ளம் விழுந்தது. கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தங்கியது. கடல் வற்றத்தில் திரும்பிப் போக அதற்கு வழியில்லை. அங்கேயே காய்ந்தது, உப்பு மட்டும் மிஞ்சியது. அடுத்த ஏற்றம், இன்னும் கொஞ்சம் உப்பு. அலையாத்தி உப்பைத் தாங்குகிற மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

தொண்ணூறுகளில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து முத்துப்பேட்டைப் பகுதிக் காடுகளில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி நடவு செய்தார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வரும், வற்றத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். அவர்கள் அதை விளக்கியபோது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காட்டுக்குள்ளிருந்து லகூன் என்கிற கடலோரக் காயல் வரை வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது இந்தப் பக்கத்தில் பல தலைமுறைப் பழக்கம். எந்த வாய்க்கால் யாருக்கு, எந்த மாதம் யார் தூர்வார வேண்டும் என்று ஊருக்குள் முறை இருந்தது.

எங்கள் பக்கத்திலும் அந்த வேலை வந்தது. வற்றம் பார்த்து விடிகாலை நாலு மணிக்குப் போவோம். ஆண்கள் மண்வெட்டியால் வெட்ட, நாங்கள் சேற்றைத் தட்டில் வாரிக் கரையில் போடுவோம். கால் முழங்கால் வரை புதையும். செருப்புப் போட முடியாது, சிப்பி ஓடு பாதத்தை அறுக்கும். மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் கரை சரிந்துவிடும். நாற்றை வாய்க்காலின் சரிவில், ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வெளியே தெரிகிற மட்டத்தில் நட வேண்டும். கொஞ்சம் கீழே போனால் அழுகும், கொஞ்சம் மேலே போனால் காயும். அந்த மட்டம் எது என்று கேட்டபோது, கரையில் படிந்திருந்த ஈரக் கோட்டை என் மாமியார் கையால் தொட்டுக் காட்டினார். அப்போது இருந்த ரேஞ்சர் ஐயா அதையே அளவாக வைத்துக் கயிறு கட்டினார். படித்தவர் படிக்காதவர் சொன்னதைக் கேட்டுக் கயிறு கட்டிய அந்தக் காலையை நான் மறக்கவில்லை.

மூன்றாம் வருஷம் செடி இடுப்புக்கு வந்தது. பத்தாம் வருஷம் தலைக்கு மேல். நிழல் விழுந்த இடத்தில் நண்டு வளை வந்தது, இறால் வந்தது, மடவையும் கொடுவாவும் வந்தன. என் இரண்டு பிள்ளைகளும் படித்த காசு அந்த வாய்க்கால்களில் தடவி எடுத்தது.

2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. தென்னை போனது, ஓடு போனது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காட்டுக்கு என்ன ஆனது என்பதை எங்களை மாதிரி உள்ளே போய்வந்தவர்கள் பார்த்தோம். இலை ஒன்று இல்லை. தீ வைத்த மாதிரி பழுப்பாக நின்றது. முறிந்த கிளையும் அலை அள்ளிவந்த சேறும் பல கிளை வாய்க்கால்களின் வாயை அடைத்துவிட்டன. அடுத்த வருஷம் துளிர் வந்ததா என்று பார்க்கப் போனோம். வாய்க்கால் திறந்திருந்த இடத்தில் துளிர்த்திருந்தது. வாய் அடைபட்ட இடத்தில் இல்லை. ஒரே வயது மரங்கள், ஒரே நாற்று, ஒரே புயல். பிழைத்ததற்கும் செத்ததற்கும் நடுவில் இருந்தது தண்ணீர் வந்துபோகும் வழி மட்டும்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் முறையாகத் தூர்வாரவே இல்லை. நாங்கள் கேட்காமல் இல்லை. மனு கொடுத்தோம். நிதி வரட்டும் என்றார்கள்.

போன தை மாதம் ஒரு வற்றத்தில் நான்காவது கிளை வாய்க்காலுக்கு நடந்து போனேன். முன்பு அதில் இடுப்பளவு இறங்கி நண்டு தடவியிருக்கிறேன். இப்போது சேலை நனையாமல் கடந்தேன். கரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சேற்றுக்கு மேலே விரல் விரலாக நிற்கும் மூச்சு வேர்களில் ஒன்றைத் தொட்டேன், பொடிந்து கையோடு வந்தது. வாய்க்காலின் நடுவில் ஒரு குட்டை. அதில் மடவைக் குஞ்சுகள் கலங்கிய தண்ணீரின் மேலே வந்து வந்து வாயைத் திறந்தன. அந்தக் குட்டைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த சேற்றை முழம் போட்டுப் பார்த்தேன். நாலு முழம். ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

ஆனால் காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைத்தால் குற்றம். போன வருஷம் எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று பேர் அப்படி ஓர் அடைப்பை வெட்டிவிட்டதற்கு அபராதம் கட்டினார்கள். சட்டம் சட்டம்தான், மறுக்கவில்லை. அதே காட்டில் ஒப்பந்தக்காரர் கான்கிரீட் தூண் நட அனுமதி தரும் எண்ணம் உங்களுக்கு இருக்கும்போது, காட்டை உயிரோடு வைக்கும் ஒரு வேலைக்கு ஏன் வழி இல்லை?

அப்புறம் நடவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விருந்தினர்கள் வந்து, லகூனை ஒட்டிய திறந்த சேற்றுத் திட்டில் வரிசையாக நாற்று நட்டார்கள். அந்த இடத்தில் நிற்காது என்று நாங்கள் அன்றே சொன்னோம். ஏற்றத்தில் முழுக்க மூழ்குகிற இடம் அது. மழை வெள்ளம் வந்து வடிந்த பிறகு பார்த்தால், நின்ற செடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். செடி செத்தது ஒரு நஷ்டம். அந்தத் திட்டு பாழ் நிலம் என்று நினைத்தது அதைவிடப் பெரிய தவறு. பூநாரையும் உள்ளானும் குளிர்காலத்தில் இரை தேடுகிற இடம் அது. எங்கள் பெண்கள் மட்டி பொறுக்குகிற இடமும் அதுதான். மரம் இல்லாத சேறும் இந்தக் காட்டின் ஒரு பாகம். கோடியக்கரையோடு சேர்த்து இந்தப் பகுதியை 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தபோது, மரத்தை மட்டும் எண்ணி அறிவிக்கவில்லை.

சுற்றுலா வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. வரட்டும். காட்டைப் பார்த்தவர்கள்தான் காட்டுக்காகப் பேசுவார்கள். ஒரு நாள் திருச்சியிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை என் கணவர் துடுப்புப் படகில் கூட்டிப் போனார், நானும் போனேன். கூட வந்த சின்னப் பெண் மூச்சு வேர்களைப் பார்த்து, "இதெல்லாம் முள்ளா பாட்டி?" என்று கேட்டாள். மரம் மூச்சு விடுகிற வேர் என்றேன். ஒரு அலையாத்தி இலையின் அடிப்பக்கத்தை நாக்கில் வைக்கச் சொன்னேன். "உப்பு!" என்று கத்தினாள். வேர் குடித்த உப்பை மரம் இலை வழியாகத் துப்புகிறது என்று சொன்னதும், தன் அம்மாவின் வாயிலும் ஒரு இலையை வைத்துவிட்டாள். கரை திரும்பும்வரை அந்தக் குழந்தை கைபேசியைக் கேட்கவில்லை. பறவைக்காகவும் மரத்துக்காகவும் வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்ல எங்களிடம் நிறைய இருக்கிறது. காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளுக்குள் முளைவிட்டுவிடும், அது உதிரும் மாதம் எது, சுரபுன்னையின் வேர் ஏன் முட்டுக்கொடுத்த மாதிரி வளைந்து இறங்குகிறது, தில்லையின் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும், இதையெல்லாம் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சொல்வார்கள்.

ஆனால் அறிவிப்பில் சொன்ன திட்டத்தில் எங்களுக்கு இருக்கும் இடம் என்ன? ஏலத்தில் கேட்க வேண்டிய முன்பணம் எங்கள் ஊர் முழுவதும் சேர்ந்தாலும் கட்ட முடியாத தொகை. எடுப்பவர் வெளியூரிலிருந்து இன்ஜின் படகு கொண்டுவருவார். இன்ஜின் படகு ஒருமுறை வேகமாகப் போனால் அதன் அலை இரண்டு கரையையும் அடிக்கும். பிடிப்பில்லாத சேறு சரிந்து உள்ளே விழும். படகு போகும் வாய்க்கால் படகாலேயே தூர்ந்துபோகும். இதை நான் யூகித்துச் சொல்லவில்லை. போன வருஷம் சோதனைக்காக விட்ட நாட்களில் கரை சரிந்த இடங்களை வந்தால் காட்டுகிறேன்.

9 மணி முதல் 5 மணி என்ற நேரக் கணக்கும் இங்கே பொருந்தாது. ஏற்றமும் வற்றமும் நிலாவைப் பார்த்து நடப்பவை. இன்று ஏற்றம் வந்த நேரத்துக்கு நாளை வராது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். பாதி நாட்களில் உங்கள் சுற்றுலா நேரத்தில் படகு சேற்றில் தட்டும். அந்த வற்றத்தில்தான் எங்களுக்குப் பிழைப்பு, அப்போது நாங்கள் உள்ளே இறங்கக் கூடாது. இரண்டு பேருக்கும் பயன் இல்லாத ஒரு தடை இது. சுற்றுலாப் படகுக்கு ஏற்றத் தண்ணீர் வேண்டும், நண்டும் இறாலும் தடவுகிறவர்களுக்கு வற்றம் வேண்டும். ஓர் ஊர்க் கூட்டம் போட்டுக் கேட்டிருந்தால் பத்து நிமிஷத்தில் இதைச் சொல்லியிருப்போம்.

வேறு இடங்களில் நடக்கிறதே. கோயம்புத்தூர் மாவட்டம் காரமடைப் பக்கம் பரளிக்காட்டில், பில்லூர் அணையின் தேக்கத்தில் பரிசல் விடுவதும் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அங்குள்ள பழங்குடி மக்கள். நடத்துவது நம் தமிழ்நாட்டு வனத்துறைதான். மகாராஷ்டிராவின் வெங்குர்லாவில் பெண்கள் சுய உதவிக் குழு ஒன்று அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகு விடுகிறது. மலையிலும் மேற்குக் கரையிலும் முடிவது எங்கள் கடைமடையில் முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில், மூன்றாவது பிரிவில், மீனும் நீர்நிலைகளின் மற்ற விளைபொருள்களும் சமூக உரிமைகளின் கீழ் எழுதப்பட்டிருக்கின்றன. பழங்குடி அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். என் வீட்டுக்காரரின் தாத்தா வெட்டிய வாய்க்கால் அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. எங்களுக்கு இந்தச் சட்டம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைக் கிராம சபை கூடி ஆராய வேண்டும். அதை ஆராய்வதற்கு முன்பே தடை போடுவது முறையில்லை.

பணம் இல்லை என்ற பதிலை இந்த முறை ஏற்க முடியாது. அலையாத்திக் காடு வளர்ப்புக்கென்றே 2023 மத்திய பட்ஜெட்டில் மிஷ்டி திட்டம் அறிவித்தார்கள். நூறு நாள் வேலையோடும் காடு அழிந்ததற்கு ஈடாகக் காடு வளர்க்க வைத்திருக்கும் நிதியோடும் சேர்த்து அதைச் செய்வோம் என்று அந்த பட்ஜெட்டிலேயே சொன்னார்கள். அரசுப் பணத்தில் மரம் நட முடியும் என்றால், நட்ட மரத்துக்குத் தண்ணீர் விடும் வாய்க்காலையும் தூர்வார முடியும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஊரில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கைகளுக்கு வயதாகிறது. ஈரக் கோட்டைத் தொட்டுக் காட்டிய என் மாமியார் இப்போது இல்லை.

நாங்கள் கேட்பது இவை.

ஏலத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பல வருஷமாகக் கூடாத கிராம வனக்குழுவைக் கூட்டுங்கள். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், ஏனென்றால் காட்டுக்குள் தினமும் காலை வைக்கிறவர்கள் நாங்கள். குழு பேசி முடிவெடுத்த பிறகு படகு உரிமையைக் குழுவுக்கே கொடுங்கள். வேலையை நாங்கள் முறை வைத்துக்கொள்வோம். பாதுகாப்புக்கு உயிர்காப்புச் சட்டை, பயிற்சி, காப்பீடு எல்லாம் நீங்கள் சொல்கிறபடி.

வரும் பங்குனியில் எல்லாக் கிளை வாய்க்கால்களையும் எங்களோடு நடந்து பாருங்கள். எது அடைபட்டது, எது பாதி, எது திறந்திருக்கிறது என்று எழுதுங்கள். சித்திரை முதல் ஆனி வரை தூர்வாரும் வேலையை ஊர் ஆட்களைக் கொண்டே செய்யுங்கள், இயந்திரம் வேண்டாம், அது கரையை உடைத்துவிடும். மழைக்கு முன் முடிந்தால்தான் இந்த வருஷத் தண்ணீர் உள்ளே போய் உப்பைக் கழுவும். பெரிய வேலைக்கு நடுவே சின்னச் சின்ன அடைப்புகளைக் கையால் எடுக்க, வாட்சருக்குச் சொல்லிவிட்டுச் செய்யும்படி ஒரு நிலையான அனுமதி கொடுங்கள். அந்த மூன்று பையன்கள் கட்டிய அபராதத்தையும் மறுபடி பரிசீலியுங்கள்.

டிக்கெட் வருமானத்தில் பாதியை முதலில் வாய்க்கால் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். அது வனக்குழுவின் கணக்கில் விழ வேண்டும். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று மாதாமாதம் படகுத்துறையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். ஏல அறிவிப்பை ஒட்டிய அதே பலகையில் இடம் இருக்கிறது.

வாய்க்காலுக்குள் துடுப்புப் படகு மட்டும் போகட்டும். இன்ஜின் படகு ஆற்றோடு நிற்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை படகு என்பதற்கு ஒரு வரம்பு வையுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை, பறவை வரும் காலத்தில், சேற்றுத் திட்டுப் பக்கம் எந்தச் சுற்றுலாப் படகும் போகக் கூடாது. மீன்பிடி நேரத்தை ஏற்ற வற்றத்தைப் பார்த்து மாதாமாதம் குழுவில் வகுப்போம். இனிமேல் திறந்த சேற்றுத் திட்டில் நடவு வேண்டாம்.

இந்தக் கூட்டத்தை அலுவலகத்தில் வைக்க வேண்டாம். வரும் அமாவாசையை ஒட்டி வற்றம் நன்றாக இருக்கும். நான்காவது கிளை வாய்க்காலின் வாயில், அந்த நாலு முழச் சேற்றின் பக்கத்தில் நாங்கள் நிற்போம். உங்களைக் கூட்டி வரப் படகு அனுப்புகிறோம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது. வரும்போது அனுமதித் தாளைக் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அலையாத்திக் காட்டோரக் கிராமம் ஒன்றின் மீனவப் பெண்,
முன்னாள் கிராம வனக்குழு உறுப்பினர்